மணல் பை இறங்க, விளக்கு எரிய: சைக்கிள் சக்கரத்தில் ஒரு மின்னாக்கி

கடைசியில் வேலை செய்துவிட்டது. 5 கிலோ மணல் 2.4 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. தரையைத் தொட 100 வினாடி ஆகிறது. அந்த 100 வினாடியும் நான்கு வெள்ளை எல்இடி எரிந்துகொண்டே இருக்கின்றன. பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது. பை தரையில் உட்கார்ந்ததும் விளக்கு அணைகிறது. மறுபடி எரிய வேண்டுமென்றால் யாராவது பையை மேலே ஏற்ற வேண்டும்.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்துபார்ப்பது வழக்கம். ஆற்றல் பாடம் வந்தது. நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறும், இயக்க ஆற்றல் மின்னாற்றலாக மாறும், அது ஒளியாகவும் வெப்பமாகவும் மாறும் என்று எல்லாரும் மடமடவென்று ஒப்பித்தார்கள். அம்புக்குறி போட்ட படமும் அழகாக வரைந்தார்கள். ஆனால் "எவ்வளவு?" என்று கேட்டால் வகுப்பே அமைதி. ஒன்று இன்னொன்றாக மாறும்போது எவ்வளவு போய்ச் சேர்கிறது, மீதி எங்கே போகிறது? அதைக் கையால் தொட்டுப் பார்க்கவும் தராசில் நிறுத்துப் பார்க்கவும் ஒரு சாதனம் வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். என்ன வாங்கினோம், எது சரிப்படவில்லை, என்ன அளவுகள் கிடைத்தன என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் மஞ்சள் மோட்டார்

பொம்மைக் கார்களுக்கும் பள்ளி ரோபோக்களுக்கும் போடுவார்களே, மஞ்சள் பிளாஸ்டிக் கியர் மோட்டார், அதில் தொடங்கினோம். விலை 70 ரூபாய். உள்ளே 1:48 கியர். வெளி அச்சை நாம் சுற்றினால் உள்ளிருக்கும் மோட்டார் 48 மடங்கு வேகமாகச் சுற்றி மின்சாரம் கொடுக்கும். 4 செ.மீ. விட்டமுள்ள நூல்கண்டு உருளையை அச்சில் ஒட்டி, நூலைச் சுற்றி, 1 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டோம். எல்இடி பளிச்சென்று எரிந்தது. நான்கே வினாடியில் எடை தரையில் மோதியது.

பிள்ளைகளுக்குக் குஷி. ஆனால் நான்கு வினாடியில் மல்ட்டிமீட்டரைப் பார்த்து எதையும் குறித்துக்கொள்ள முடியாது. எடையைக் குறைத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் நகரவே மாட்டேன் என்று நின்றுவிடுகிறது. விரலால் தட்டிவிட்டால் மறுபடி சரசரவென்று ஓடுகிறது. நடுவில் நிதானமாக இறங்கும் எடை என்று ஒன்று கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் கியரைப் பின்பக்கமாகச் சுற்றவைப்பதில் உராய்வு அதிகம். அதுவும் பல்லுக்குப் பல் ஒரே சீராக இல்லை.

அடுத்தது சைக்கிள் டைனமோ. டயரோடு உரசி ஓடுமே, அந்த 6 வோல்ட் 3 வாட் பாட்டில் டைனமோ. வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தது. சக்கரத்தின் பல்சக்கரத்தில் 5 கிலோவைத் தொங்கவிட்டு டயரில் டைனமோவைச் சாய்த்தோம். பல்பு நன்றாகவே எரிந்தது, ஆனால் ஐந்து வினாடிதான். கணக்குப் போட்டால் காரணம் தெளிவு. 3 வாட் என்றால் வினாடிக்கு 3 ஜூல் விளக்குக்கு மட்டும் போக வேண்டும். டைனமோவும் டயரும் தின்பதையும் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சைக்கிள் மிதிக்கும் கால் அதை அசராமல் தரும். ஒரு மணல் பை எவ்வளவு நேரம் தரும்?

இந்த இடத்தில்தான் நிறுத்தி, கையிருப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தோம். 5 கிலோ, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, 2.4 மீட்டர் உயரம் மூன்றையும் பெருக்கினால் 117.6 ஜூல். மொத்தச் சொத்தே அவ்வளவுதான். வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதற்கு இந்தப் பையை முப்பதாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்க வேண்டும். பிள்ளைகள் நம்பவில்லை, கரும்பலகையில் வகுத்துக் காட்டிய பிறகும் இரண்டு பேர் நோட்டில் தனியாக வகுத்துப் பார்த்தார்கள்.

ஒரு சாதாரண 5 மி.மீ. எல்இடிக்கு 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் போதும். அதாவது 0.06 வாட். அப்படியானால் நமக்கு வேண்டியது மெதுவாகச் சுற்றினாலே வோல்ட் கொடுக்கும் ஒரு மோட்டார்.

பிரிண்டர் மோட்டார்

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றைக் காயலான் கடையில் 200 ரூபாய்க்கு எடுத்தேன். உள்ளே ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். இதற்குக் கியரே வேண்டாம். ஒரு சுற்றை 200 சின்னச் சின்ன அடிகளாக எடுத்துவைக்கிற மோட்டார் என்பதால், பின்பக்கமாகச் சுற்றும்போது ஒரே சுற்றில் காந்தம் சுருளை 50 தடவை கடந்துபோகிறது. விரலால் அச்சைத் திருகினாலே எல்இடி மினுக்கும்.

எங்கள் மோட்டாரில் நான்கு ஒயர்கள். எந்த இரண்டு ஒரு சுருள் என்று மல்ட்டிமீட்டரில் பார்க்கலாம்: ஜோடியாக இருந்தால் 30 ஓம் காட்டியது, இல்லையென்றால் ஒன்றுமே காட்டவில்லை. மீட்டர் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம், அதுதான் எனக்குப் பிடித்த வழி. ஏதாவது இரண்டு ஒயர் நுனிகளை ஒன்றாக முறுக்கிவிட்டு அச்சை விரலால் திருகுங்கள். ஜோடி இல்லையென்றால் முன்போலவே லேசாகச் சுற்றும். ஜோடியாக இருந்தால் அச்சு சட்டென்று இறுகும். விரல் நுனியில் டக் டக் டக் என்று ஒவ்வொரு அடியும் தட்டுப்படும். ஒயரைப் பிரித்தால் உடனே தளர்ந்துவிடும். செம்புக் கம்பி இரண்டைத் தொடவைத்ததற்கு அச்சு ஏன் கனக்க வேண்டும்? பிள்ளைகள் வரிசையில் நின்று திருகிப் பார்த்தார்கள். பாடத்தின் பாதி அங்கேயே முடிந்தது என்று நினைக்கிறேன். மோட்டார் மின்சாரம் கொடுக்கத் தொடங்கினால் அதைச் சுற்றுகிற கை அதற்கு விலை கொடுக்கிறது.

சக்கரம், செயின், சட்டம்

28 இன்ச் சைக்கிளின் பின்சக்கரம், ஃப்ரீவீலோடு (ஒரு திசையில் மட்டும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் பல்சக்கரம்) 250 ரூபாய்க்குக் கிடைத்தது. டயர், டியூப் வேண்டாம். ஹப்பைப் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸுக்குப் பதிலாகத் தையல் மெஷின் எண்ணெய் விட்டோம். கிரீஸ் ரோட்டில் ஓடும் வண்டிக்கு நல்லது. இங்கே சக்கரம் பத்து வினாடிக்கு ஒரு சுற்றுதான் சுற்றப்போகிறது, எண்ணெய் போதும். கோனை (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் நட்டை) இறுக்கும்போது அச்சில் லேசாக ஆட்டம் இருக்கும்படி விட வேண்டும். முழுக்க இறுக்கினால் சக்கரம் சீக்கிரம் நின்றுவிடும்.

கயிறைச் சுற்றி எடையைத் தொங்கவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் கயிறை மறுபடி சுற்ற வேண்டுமே என்று யோசித்தபோது ஃப்ரீவீல் கண்ணில் பட்டது. 18 பல், சைக்கிள் செயினில் ஒரு கண்ணிக்கு அரை இன்ச், ஆக ஒரு சுற்றுக்கு 22.9 செ.மீ. செயினையே பல்லின் மேல் மாலையாகப் போட்டு, ஒரு முனையில் பையை மாட்டினால் போதும். பை இறங்கும்போது பல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றும். பையை ஏற்ற மறுமுனையை இழுத்தால் ஃப்ரீவீல் கிர்ரென்று வழுக்கிக்கொண்டு திரும்பும், சக்கரம் அது பாட்டுக்கு இருக்கும். கிணற்று ராட்டினத்தில் வாளி இழுப்பது மாதிரிதான். சைக்கிள் கடைகள் பல வருடங்களாகக் கையில் வைத்திருக்கிற இந்தப் பொருள் நமக்கு என்றே செய்தது போல் பொருந்தியது.

புதுச் செயினில் 112 கண்ணி, 142 செ.மீ. வரும். பழைய செயின் இரண்டு, ஒன்று 50 ரூபாய் என்று வாங்கிச் செயின் லாக் போட்டு இணைத்ததில் 284 செ.மீ. கிடைத்தது. தேய்ந்த செயின் என்றாலும் பரவாயில்லை, இறுகிப்போன கண்ணி மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணியையும் மடக்கிப் பார்த்து, இறுகியதற்கு எண்ணெய் விட்டுத் தளர்த்தினோம். மறுமுனை காற்றாடினால் செயின் பல்லை விட்டு நழுவுகிறது. அதனால் நட்டு, போல்ட்டுகளைக் கோத்து 100 கிராம் கட்டினோம். அதை ஈடுகட்டப் பையில் 5.1 கிலோ.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பை எந்தப் பக்கம் தொங்கினால் ஃப்ரீவீல் பிடிக்கிறது என்று கையால் இழுத்துப் பார்த்துவிட்டு மாட்ட வேண்டும். பக்கம் மாறினால் பை சும்மா கீழே விழும். 5 கிலோ கால் விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கீழே பழைய டயர் ஒன்றைப் போட்டு, சுற்றிச் சாக்பீஸால் வட்டம் வரைந்து, அதற்குள் யாரும் நிற்கக் கூடாது என்பது இங்கே முதல் விதி.

சட்டம் எல் ஆங்கிளில் வெல்டிங் பட்டறையில் செய்தது. மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் இரண்டு சி கிளாம்ப் போட்டு இறுக்கினால் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், செயின் படிக்கட்டுப் பக்கம் தொங்கும். ரசமட்டம் வைத்து அச்சைச் சமமாக நிறுத்துவது முக்கியம். சரிந்தால் செயின் ஒரு பக்கமாக ஏறுகிறது.

பெல்ட்டுதான் பெரிய தலைவலி

டயரைக் கழற்றிய ரிம்மின் பள்ளத்தையே பெரிய புல்லியாக வைத்துக்கொண்டோம். நூல் போட்டு அளந்ததில் சுற்றளவு 194 செ.மீ. மோட்டார் அச்சுக்கு 3 செ.மீ. விட்டத்தில் பள்ளம் எடுத்த நைலான் புல்லி ஒன்றை லேத் பட்டறையில் 120 ரூபாய்க்குக் கடைந்து வாங்கினேன். துளை 5 மி.மீ., பக்கவாட்டில் இறுக்க ஒரு சின்ன ஸ்குரு. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மோட்டார் ஏறத்தாழ 20 சுற்று.

இரண்டையும் எதால் இணைப்பது? முதலில் சைக்கிள் டியூபை நீளவாட்டில் கத்தரித்து ரப்பர் பட்டை செய்தோம். நன்றாகப் பிடித்தது, வழுக்கவில்லை. ஆனால் பையில் 7 கிலோ போட்டால்தான் விளக்கு எரிந்தது. ரப்பர் ஒவ்வொரு வளைவிலும் இழுபட்டுச் சுருங்குகிறது, அதற்கே ஒரு பங்கு போய்விடுகிறது. ரப்பரைக் கழற்றி நைலான் கயிறு போட்டோம். சக்கரம் சுற்றியது, கயிறு சுற்றியது, மோட்டார் மட்டும் நின்றது. குங்கிலியத்தைப் பொடித்துத் தடவிப் பார்த்தோம், கொஞ்ச நேரம் பிடித்து மறுபடி வழுக்கியது.

சரியாக அமைந்தது தையல் மெஷின் தோல் பெல்ட். மெல்லிய உருண்டைத் தோல், நீட்சி குறைவு, பிடிப்பு அதிகம். ஒன்று நீளம் போதாமல் இரண்டை இணைத்தோம். இணைப்பில் போடும் கம்பிக் கொக்கி சின்னப் புல்லியைத் தாண்டும்போதெல்லாம் டொக்கென்று ஒரு தட்டு தட்டி விளக்கு கண் சிமிட்டியது. கொக்கியின் முனைகளைத் தோலுக்குள் பதியும்படி சுத்தியலால் மெல்லத் தட்டி, மேல்பக்கத்தை அரத்தால் தேய்த்தபின் தட்டு குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

ரிம் பள்ளத்தில் போக்ஸ் கம்பியின் நிப்பிள் தலைகள் துருத்திக்கொண்டிருக்கும். அதன் மேல் நேராக ஓடினால் தோல் சீக்கிரம் பிய்ந்துவிடும். துணி டேப்பை இரண்டு சுற்று சுற்றி மூடினோம்.

டயோடும் எல்இடியும்

ஸ்டெப்பர் மோட்டார் தருவது மாறுமின்னோட்டம். சுருளுக்கு நான்கு டயோடு வீதம் எட்டு டயோடு போட்டு நேராக்கி, இரண்டு சுருளையும் ஒன்றாகச் சேர்த்தோம். கெபாசிட்டர் தேவைப்படவில்லை. இரண்டு சுருளும் மாறி மாறிக் கொடுப்பதால் விளக்கின் துடிப்பு கண்ணுக்குத் தெரியாது. நான்கு எல்இடி, ஒவ்வொன்றுக்கும் 10 ஓம் மின்தடை.

எல்லா இடத்திலும் கிடைக்கும் 1என்4007 டயோடில் தொடங்கினோம். 52 மில்லி ஆம்பியர் வந்தது. இந்த டயோடு ஒவ்வொன்றும் 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் ஒரே நேரத்தில் இரண்டு டயோடு வழியாகப் போவதால் 1.4 வோல்ட் நஷ்டம். 12 வோல்ட் வேலையில் அது பெரிதாகத் தெரியாது. எல்இடிக்கே 3 வோல்ட்தான் என்னும்போது அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதைவிடக் குறைந்த வோல்ட் எடுத்துக்கொள்ளும் 1என்5819 ஷாட்கி டயோடுக்கு மாற்றியதும், அதே பை, அதே உயரம், சராசரி 70 மில்லி ஆம்பியருக்கு ஏறியது. எட்டு டயோடுக்கும் 40 ரூபாய். இந்த வேலையில் நான் செலவழித்த பணத்தில் இதுதான் அதிகம் பலன் கொடுத்தது.

பை இறங்கும்போது எல்இடி ஒயர் கழன்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. பிடி விட்ட சக்கரம் வேகமெடுத்து ஓடும், வோல்ட் எகிறும். அந்த நேரத்தில் ஒயரைத் திரும்பத் தொடவைத்ததில் ஒரு எல்இடி கருகிப்போனது. இப்போது குறுக்கே, வோல்ட் எகிறாமல் தடுக்க 5.1 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. ஒயர் கழன்றால் எதையும் தொடாமல், தடித்த துணியை மடித்து ரிம்மில் வைத்து அழுத்தி நிறுத்த வேண்டும்.

நான்கு எல்இடிக்குப் பதில் ஒன்றை மட்டும் எரித்தால் நான்கு மடங்கு நேரம் எரியும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நானும் நேரம் கொஞ்சமாவது நீளும் என்றுதான் எதிர்பார்த்தேன். மூன்றைக் கழற்றினோம். பை முன்பைவிட வேகமாக, ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. ஒற்றை எல்இடி கண்ணைக் கூசும்படி எரிந்தது. யோசித்தால் சரிதான். பையை மெதுவாக இறக்குவதே எல்இடிகள்தான். சுமை குறைந்தால் தடை குறையும், பை விரைந்து இறங்கும். ஒரு எல்இடியில் நேரம் நீள வேண்டுமானால் மணலையும் குறைக்க வேண்டும்.

கையால் தொட்டுப் பார்த்தது

முழுதும் தயாரானபின் மூன்று விதமாக இறக்கிப் பார்த்தோம். மோட்டார் ஒயர் இரண்டு ஜோடியையும் திறந்து விட்டால் பை பத்து வினாடிகூட ஆகாமல் கீழே வந்து டயரில் மோதியது. விளக்கை இணைத்தால் 100 வினாடி. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே முறுக்கி ஷார்ட் செய்தால் ஏறக்குறைய நான்கு நிமிடம். விளக்கு எரியவில்லை, ஆனாலும் பை எறும்பு வேகத்தில் ஊர்ந்தது. அந்த ஆற்றல் முழுக்கச் சுருளிலும் உராய்விலும் வெப்பமாகிறது.

பிறகு பையைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு தடவை ரிம்மைக் கையால் சுற்றச் சொன்னேன். சுற்றிக்கொண்டிருக்கும்போதே எல்இடியை மாட்டுவேன், கழற்றுவேன். கண்ணை மூடிக்கொண்டு சுற்றிய ஒரு பெண் பிள்ளை, "சார், இப்ப லைட்ட போட்டுட்டீங்க, சக்கரம் கனக்குது" என்றாள். நான் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கழற்றும்போதும் பார்க்காமலேயே சரியாகச் சொன்னாள். இந்தச் சாதனத்தைச் செய்ததற்கு எனக்கு அதுவே போதும். விளக்கு எரிவது அவள் கண்ணுக்குத் தெரியும் முன்னால் தோளுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்து கிலோவும் எங்கே போனது

100 வினாடி, சராசரி 3.2 வோல்ட், 70 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 22.4 ஜூல். 117.6-இல் 19 சதவீதம். மீதி 95 ஜூல் எங்கே?

இதை ஜூலில் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒட்டாது, அதனால் மணலாகவே நிறுத்துப் பார்த்தோம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சக்கரமும் செயினும் மட்டும் அதே நிதானத்தில் சுற்ற எவ்வளவு மணல் வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிப் பார்த்தோம்: சுமார் 300 கிராம். பெல்ட்டை மாட்டி, மோட்டார் ஒயரைத் திறந்து வைத்து அதேபோலப் பார்த்தோம்: சுமார் 2.8 கிலோ. அதாவது பெல்ட்டும் மோட்டாரின் காந்த இழுப்பும் மட்டுமே இரண்டரை கிலோவைத் தின்கின்றன. மீதி 2.2 கிலோதான் மின்சாரமாகிறது. அதிலும் விளக்குக்குப் போவது சுமார் 950 கிராம். மீதி சுருளிலும் டயோடிலும் சூடாகிறது. வெறுமனே ஓடும் மோட்டாரில் எடைக்குத் தகுந்தபடி வேகம் நிறையக் கூடிக் குறைவதால் இந்த எண்களைக் கிராம் சுத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பங்கு பெரிது, எது சிறிது என்பதற்கு இது போதும்.

ஐந்து தாள் தட்டுகளில் மணலைப் பிரித்துக் கொட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைத்தோம்: அச்சு, பெல்ட், மோட்டார், சூடு, விளக்கு. பெல்ட்டையும் மோட்டாரையும் நாங்கள் தனித்தனியே அளக்கவில்லை, அதனால் அந்த இரண்டு தட்டும் ஒட்டியே இருந்தன. விளக்குத் தட்டில் இருந்த மணலும் முழுக்க ஒளி இல்லை. எல்இடி தனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதியைச் சூடாகவே விடுகிறது.

இயக்க ஆற்றல் எங்கே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பை வினாடிக்கு 2.4 செ.மீ. தான் இறங்குகிறது. அந்த வேகத்தில் 5 கிலோவின் இயக்க ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. செயினிலிருந்து கழற்றிவிட்டால் அதே பை 0.7 வினாடியில், வினாடிக்கு 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் தரையில் மோதும். அப்போது 118 ஜூலும் இயக்கத்தில் இருக்கும். படத்தில் போடும் அம்புக்குறி இரண்டுக்கும் ஒன்றுதான், பையின் கதை வேறு.

இறங்கும் எடையை வைத்து அளந்தவர்களில் பெரிய பெயர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டரில் 1840களில், எடை இறங்கும்போது தண்ணீருக்குள் துடுப்புகள் சுற்றும்படி செய்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்க 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்க வேண்டும் என்று 1850-இல் எழுதினார். எங்கள் பையின் 118 ஜூலையும் ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டால் வெப்பநிலை 0.03 டிகிரி செல்சியஸ்கூட ஏறாது. அவர் வெப்பமானியை எவ்வளவு பொறுமையாகப் படித்திருக்க வேண்டும் என்பது பையைத் தூக்கி இறக்கும்போதுதான் உறைக்கிறது. ஒரு டம்ளர் டீக்கு 150 மி.லி. தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கச் சுமார் 44,000 ஜூல் வேண்டும். பையை 370 தடவைக்கு மேல் ஏற்ற வேண்டும். 5000 எம்ஏஎச் செல்போன் பேட்டரி ஒன்றில் இருப்பது இந்தப் பையை ஏறத்தாழ 590 தடவை ஏற்றும் ஆற்றல்.

இதே யோசனையில் லண்டனில் மார்ட்டின் ரிடிஃபோர்டு, ஜிம் ரீவ்ஸ் என்ற இருவர் 2012-இல் கிராவிட்டி லைட் என்ற விளக்கைக் கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெய் விளக்குக்கு மாற்றாக நினைத்தது. சுமார் 12 கிலோ பை, சுமார் 1.8 மீட்டர், சுமார் 20 நிமிடம். கணக்குப் போட்டால் வினாடிக்கு 0.2 ஜூலுக்கும் குறைவாகச் செலவழித்து அந்த விளக்கு எரிகிறது. எங்கள் சக்கரம் வினாடிக்கு 1.2 ஜூல் விழுங்குகிறது. அவர்கள் எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

செலவும், அடுத்த முறையும்

சக்கரம் 250, செயின் 100, பிரிண்டர் 200, புல்லி 120, பெல்ட் இரண்டு 100, சட்டமும் வெல்டிங்கும் 450, எல்இடி, டயோடு, ஒயர், போர்டு 60, டேப்பும் நட்டு போல்ட்டும் 70. மொத்தம் 1,350 ரூபாய். தொங்கு தராசும் மல்ட்டிமீட்டரும் ஏற்கெனவே இருந்தவை. சட்டத்தை மரத்தில் செய்தால் 300 ரூபாயாவது குறையும். நான் இரும்பையே விரும்புகிறேன், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிற இடம்.

அடுத்த முறை முதலில் மாற்ற வேண்டியது செயின். தொடக்கத்தில் செயினின் எடை எதிர்ப்பக்கம் தொங்குகிறது, பை இறங்க இறங்க அது பையின் பக்கம் வந்து சேர்கிறது. இரண்டு செயினும் சேர்ந்து 740 கிராம். அதனால் தொடக்கத்தில் 55 மில்லி ஆம்பியர், முடியும்போது 85. விளக்கு மங்கலாகத் தொடங்கிப் பிரகாசமாக முடிகிறது. பையின் அடியிலிருந்து மறுமுனைக்கு இன்னும் இரண்டு செயினை மாட்டி வளையமாக்கிவிட்டால் இரண்டு பக்கமும் எடை சமமாகிவிடும். அந்த 100 கிராம் நட்டும் தேவைப்படாது.

இரண்டாவது, மோட்டாரை நான்கு போல்ட்டில் அசையாமல் இறுக்கியது. மழைக்காலத்தில் தோல் தளர்ந்து பெல்ட் வழுக்குகிறது, ஒவ்வொரு முறையும் வெட்டி இணைக்க வேண்டியிருக்கிறது. மோட்டாரை ஒரு கீல் வைத்த பலகையில் மாட்டித் தன் எடையாலேயே பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும்படி விட வேண்டும். மூன்றாவது, அதே பிரிண்டரில் இன்னொரு சின்ன ஸ்டெப்பரும் இருந்தது. அதன் அச்சு கையால் சுற்ற இன்னும் இலகுவாக இருக்கிறது. அதற்கு ஏற்ற புல்லியைக் கடையக் கொடுத்திருக்கிறேன். இரண்டு கிலோ மணலில் ஒரு எல்இடி எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்க்க வேண்டும்.